கப்பலில் செஃப் ஆகப்போகும் மகனுக்கு

அன்பு மகன் முத்துவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. வயலில் நடவு முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் சரியில்லை. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம்தான் சொன்னாய்: "கூடப் படிச்ச பசங்ககிட்ட நேவியில இருக்கேன்னு மட்டும் சொன்னேன்மா, செஃப்னு சொல்லல." அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுதாகப் படி.

"கரண்டி பிடிக்கவா ஒடிசாவில் சில்கா பயிற்சித் தளம் வரைக்கும் போனான்?" என்று நம் சொந்தத்தில் ஒருவர் கேட்டது உன் காதுக்கும் வந்திருக்கும். அவர் கப்பலைக் கரையில் நின்று பார்த்தவர். நான் எஞ்சின் பக்கம் வேலை பார்த்து, ஒப்பந்தக் காலம் முழுவதையும் முடித்துவிட்டு வந்தவன். எது பெரிய வேலை, எது சின்ன வேலை என்று கப்பலில் எப்படித் தெரியவரும் என்பதை நான் சொல்கிறேன், கேள்.

மேலேயிருந்து வருகிறேன். டெல்லியில் கடற்படைத் தளபதி. அவருக்குக் கீழே மும்பையில் மேற்குக் கமாண்ட், விசாகப்பட்டினத்தில் கிழக்கு, கொச்சியில் தெற்கு. கொச்சியின் முக்கிய வேலை பயிற்சி. அந்தமானில் இருப்பது முப்படைக்கும் பொதுவானது, 2001இல் வந்தது. மேற்கிலும் கிழக்கிலும் கடலில் கப்பல்களை நடத்த ஆளுக்கொரு ஃப்ளீட், அதற்கு ஒரு ரியர் அட்மிரல். இதெல்லாம் சில்காவில் மனப்பாடம் செய்திருப்பாய். ஆனால் டெல்லியில் கிளம்புகிற எந்த உத்தரவும் கடைசியில் ஒரு கப்பலுக்குத்தான் வந்து சேர்கிறது. அங்கே 300 பேர் இருப்பார்கள். உத்தரவு நிறைவேறுவதும் நிறைவேறாததும் அந்த 300 பேர் கையில் இருக்கிறது.

கப்பலுக்குள் கேப்டன், அவருக்கு அடுத்து எக்ஸோ என்கிற எக்ஸிக்யூட்டிவ் ஆபீசர். அதற்குக் கீழே பிரிவுகள். கப்பலை ஓட்டுவது, பீரங்கி, ஏவுகணை, சிக்னல், நீர்மூழ்கி தேடுவது எல்லாம் எக்ஸிக்யூட்டிவ் பிரிவு. எஞ்சின் எங்கள் கையில். மின்சாரம், ரேடார், கம்பி எல்லாம் எலக்ட்ரிகல்காரர்கள் கையில். அப்புறம் லாஜிஸ்டிக்ஸ்: ஸ்டோர், சம்பளம், துணிமணி, சாப்பாடு. நீ சேரப்போவது இதில். மற்ற பிரிவுகளின் வேலை பழுதானால்தான் எல்லாருக்கும் தெரியும். உன் வேலை மட்டும் தினமும் நாலு வேளை ஒவ்வொருவர் தட்டிலும் போய் நிற்கும். ஒரு நாள் கூட மறைக்க முடியாது.

கப்பலில் ஒரு நாளை ஏழு வாட்ச்சாக, அதாவது டியூட்டி முறையாக, வெட்டியிருப்பார்கள். வாட்ச் ஒன்றுக்கு நான்கு மணி நேரம். சாயங்காலம் 4 முதல் 8 வரை மட்டும் இரண்டிரண்டு மணியாகப் பிரித்து டாக் வாட்ச் என்பார்கள். எண்ணிக்கை ஒற்றைப்படையானால்தான் நேற்று நடுராத்திரி நின்றவனே இன்றும் நடுராத்திரியில் நிற்க வேண்டி வராது. நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் பாரம் அடுக்களை மேல்தான் விழும். பகல் 12 மணிக்கு வாட்ச் ஏறுகிறவன் அதற்கு முன்பே சாப்பிட்டாக வேண்டும். இறங்கி வருகிறவனுக்கும் சூடாக இருக்க வேண்டும். ஆளுக்கு நாலு சப்பாத்தி என்றாலே 300 பேருக்கு 1,200. கணக்குப் போட்டுப் பார், அது ஒரு வேளைக்கு மட்டும்தான்.

நான் மிடில் வாட்ச், அதாவது நடுராத்திரி 12 முதல் 4 வரை, நிற்கும்போது எஞ்சின் கண்ட்ரோல் ரூமிலிருந்து விடியற்காலை 4 மணிக்கு மேலே ஏறி வருவேன். உடம்பெல்லாம் டீசல் வாடை, காதுக்குள் டர்பைன் இரைச்சல் நிற்காது. கப்பல் முழுக்கச் சிவப்பு விளக்கு, எல்லாரும் தூக்கம். அடுக்களையில் மட்டும் வெள்ளை வெளிச்சம். எங்கள் சீஃப் குக், ஒடிசாக்காரர், முழங்கைவரை மாவோடு நிற்பார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் டீயை நீட்டுவார். அந்த டீக்காகவே கடைசி ஒரு மணி நேரத்தைத் தள்ளியிருக்கிறேன்.

நவம்பர் மாத வங்காள விரிகுடா எப்படி இருக்கும் என்று உனக்கு இனிமேல்தான் தெரியவரும். புயல் ஒன்றின் ஓரத்தில் மாட்டியபோது கப்பல் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து எழும். பாதிப் பேர் படுக்கையை விட்டு எழவில்லை. அந்த மனுஷர் பருப்புப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றவே மாட்டார், சாய்ந்தால் சிந்தி யாருக்காவது சுட்டுவிடும் என்று. அடுப்பைச் சுற்றி இருக்கும் தடுப்புக் கம்பியில் பாத்திரத்தின் காதைக் கயிற்றால் கட்டிவிடுவார். முட்டியை லேசாக மடக்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கிண்டுவார். வெறும் வயிற்றோடு வாந்தி எடுத்தால் ஆளே சுருண்டுவிடுவான் என்று, காய்ந்த ரொட்டியும் ஊறுகாயும் மாலுமிகள் தங்கும் மெஸ் டெக் வரைக்கும் கொடுத்தனுப்புவார். வாட்ச் நிற்க ஆள் இருந்தது அந்த ரொட்டியால்தான். அவருக்கும் வாந்தி வந்தது. வாளியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் பாட்டி படுக்கையில் விழுந்த சமயம், கப்பல் துறைமுகத்துக்கு வந்ததும் ஊரிலிருந்து கடிதம் கிடைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. தட்டில் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டினேன். அதைக் கவனித்தது என்னோடு வாட்ச் நின்றவர்கள் அல்ல, அந்தக் குக். இரண்டாம் நாளே எங்கள் டிவிஷனல் சீஃபிடம் போய், "உங்கள் பையன் சாப்பிடுவதில்லை, என்ன என்று பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலமே டிவிஷனல் ஆபீசர் கூப்பிட்டு விசாரித்து லீவு எழுதிக் கொடுத்தார். பாட்டி முகத்தை உயிரோடு பார்த்தேன் என்றால் அது அந்த ஒடிசாக்காரர் புண்ணியம். ஒவ்வொரு மாலுமிக்கும் ஒரு டிவிஷனல் ஆபீசர் உண்டு, அவன் வீடு, குடும்பம், கஷ்டம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நேவியில் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குக் கண்ணாக இருக்கக்கூடிய இடம் சாப்பாடு பரிமாறுகிற இடம்.

சாப்பாட்டைச் சாதாரணமாக நினைத்ததன் விலை நேவிக்குத் தெரியும். 1946 பிப்ரவரி 18, பம்பாய். தல்வார் என்ற சிக்னல் பயிற்சித் தளத்தில் மாலுமிகள் மட்டமான சாப்பாட்டைத் தொட மறுத்தார்கள். மேலதிகாரியின் கேவலமான பேச்சும், நாடு முழுக்க இருந்த சுதந்திர வேகமும் சேர்ந்துகொண்டன. சில நாளில் 78 கப்பல்கள், 20,000 மாலுமிகள் வரை பரவியது. வெள்ளைக்காரனை உலுக்கிய அந்த எழுச்சிக்குத் திரி பற்றியது ஒரு சாப்பாட்டுக் கூடத்தில். நான் இருந்த கப்பலில் அன்றைய பொறுப்பு அதிகாரி மாலுமிகளின் சாப்பாட்டைத் தினமும் ருசி பார்ப்பார். பீரங்கியைப் பார்வையிடுவது போலவே அதுவும் டியூட்டிதான்.

நம் விஜயநாராயணத்தில் நிற்கிற கோபுரங்களைச் சின்ன வயதில் "அது என்னப்பா?" என்று கேட்பாய். ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நேவியின் தகவல் தொடர்புத் தளம், 1990இல் தொடங்கியது. தண்ணீருக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்துதான் செய்தி போகிறது. மிகத் தாழ்ந்த அலைவரிசை, அதனால்தான் கடல் நீருக்குள் இறங்க முடிகிறது. அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று எத்தனை நாள் மூழ்கியே இருக்கலாம் என்பதை எது முடிவு செய்கிறது தெரியுமா? எரிபொருள் வருஷக்கணக்கில் வரும். குடிதண்ணீரையும் மூச்சுக்காற்றையும் கப்பலே தயார் செய்துகொள்ளும். தீர்ந்துபோவது சாப்பாட்டு ஸ்டோர்தான். உள்ளே இருக்கும் செஃப் அரிசியையும் பருப்பையும் எப்படிக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறான் என்பதும் நாட்டின் பாதுகாப்பில் சேர்த்திதான்.

இப்போது முக்கியமான விஷயம். ஆக்‌ஷன் ஸ்டேஷன் அலாரம் அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு நீயும் ஓடுவாய். போர் நேரத்தில் செஃபுக்கும் ஸ்டூவர்டுக்கும் வேறு இடம் குறித்திருப்பார்கள். தீயணைப்பு, கப்பலின் சேதத்தைச் சமாளிக்கும் டேமேஜ் கண்ட்ரோல், அடிபட்டவர்களைத் தூக்கும் முதலுதவிக் குழு என்று. கப்பலுக்குள் தீப்பிடித்தால் ஃபயர் சர்வீஸ் வராது முத்து. நாம்தான். எஞ்சின் ரூமில் தீ என்று டிரில் நடக்கும்போது மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு ஹோஸைப் பிடித்து முதல் ஆளாக இறங்கியவர்களில் ஒருவன் எங்கள் ஜூனியர் குக். அன்றைக்கு அவனுக்குப் பின்னால் நின்ற நான் சீனியர் மெக்கானிக். அவன் என் தோளைத் தட்டினால் நான் நகர வேண்டும், அவ்வளவுதான். அங்கே பிரிவும் பதவியும் யாரும் கேட்கவில்லை.

1971 டிசம்பர் 9 இரவு, டையூ கடலில் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி டார்பிடோ பட்டு மூழ்கியது. அதிகாரிகள் 18 பேர், மாலுமிகள் 176 பேர் உயிரை விட்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் லைஃப் ஜாக்கெட்டை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார் என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். டையூவில் நினைவிடம் இருக்கிறது, என்றாவது போய் வா. ஒரே கப்பல், ஒரே தண்ணீர். சமையல்காரன் என்று கடல் யாரையும் ஒதுக்கி வைக்காதபோது, ஊரில் இருக்கிறவர்கள் ஒதுக்கினால் அதை நீ ஏன் தலையில் ஏற்றிக்கொள்கிறாய்?

நாலு வருஷம் முடிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் உனக்கு இருக்கிறது. அக்னிவீர் ஏற்பாடு என் காலத்தில் இல்லை. நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக்குவார்கள் என்பது உண்மை, அதைப் பூசி மெழுக மாட்டேன். அந்த 25இல் வர முயற்சி செய். வராவிட்டாலும், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற வணிகக் கப்பலில் தகுதி பெற்ற சமையல்காரர் இருக்க வேண்டும் என்பது 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. கடலில் ஆடுகிற அடுப்பில் சமைத்துப் பழகிய கைக்கு வேலை கிடைக்கும். இப்போதிருந்தே சான்றிதழ்களையெல்லாம் பத்திரமாக வை.

மும்பையில் ஹம்லா பயிற்சித் தளத்தில் சொல்லிக் கொடுப்பதை எல்லாம் கற்றுக்கொள். கத்தியை நீயே தீட்டு, அடுத்தவனிடம் கொடுக்காதே. ஸ்டோர் கணக்கு எழுதுவதில் சோம்பல் வேண்டாம், பெட்டி ஆபீசர் ஆகும்போது அதுதான் உதவும். தீயணைப்பு வகுப்பில் முன்வரிசையில் நில். நீச்சலை விட்டுவிடாதே.

டிராஃப்ட், அதாவது போஸ்டிங் உத்தரவு, வந்ததும் எந்தக் கப்பல் என்று முதலில் எனக்குச் சொல். விசாகப்பட்டினம் என்றால் நானும் அம்மாவும் டிசம்பரில் நேவி டே சமயம் வருகிறோம், கப்பலைப் பொதுமக்கள் பார்க்க விடுவார்கள். ரயிலில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம், அதனால் இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடு. எலுமிச்சை ஊறுகாய் அனுப்பலாமா, உள்ளே விடுவார்களா என்று அம்மா கேட்கிறாள். அதற்கும் பதில் போடு.

அன்புடன்,
அப்பா