டிரான்ஸ்மிட்டர் டெக்னீசியன்கள் சங்கம் – செயலாளரோட ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு, சந்தா பாக்கி எல்லாம் பொருளாளர் வாசிப்பார், நான் நேரா இன்டர்ஃபியரன்ஸ், அதாவது ஒரு சிக்னல் வேண்டாத எடத்துல புகுந்து தொல்லை பண்ற விஷயத்துக்கு வந்துடுறேன், இந்த வருஷம் நம்மள ரொம்ப அலைய விட்டது அதுதான்.

டவர் பக்கத்து வீடுகள்லேர்ந்து வர்ற புகார் எல்லாம் ஒரே மாதிரிதான், ஸ்பீக்கர்ல ரேடியோ பேசுது, இன்டர்காம்ல பாட்டு கேக்குது. உடனே "உங்க டிரான்ஸ்மிட்டர் ரிப்பேரா?"ன்னு கேக்குறாங்க. டிரான்ஸ்மிட்டர் ஒழுங்கா ஓடும்போதும் இது வரும்ங்கிறத நாம பொறுமையா சொல்லணும். 100 கிலோவாட் மீடியம் வேவ் (ஏஎம் ரேடியோ) மாஸ்ட்லேர்ந்து, அதாவது ஆண்டெனா கம்பத்துலேர்ந்து, 1 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் ரேடியோ அலையோட ஃபீல்டு, அதாவது பலம், மீட்டருக்கு சுமார் 3 வோல்ட் இருக்கும். வீட்டு சாமான் இந்த மாதிரி அலைய தாங்குதான்னு டெஸ்ட் பண்ற சாதாரண லெவலும் அதே 3 வோல்ட்தான், அதுவும் ஐஇசிங்கிற சர்வதேச மின் தர அமைப்போட 61000-4-3 டெஸ்ட் 80 மெகாஹெர்ட்ஸ்லதான் ஆரம்பிக்குது, மீடியம் வேவ் அதுக்குக் கீழ, அதுக்கு கேபிள்ல சிக்னல ஏத்திப் பாக்குற 61000-4-6தான் பொருந்தும். அப்போ மாஸ்ட்டுக்கு இன்னும் கிட்ட இருக்குற வீட்டோட நிலைய யோசிச்சுப் பாருங்க.

அதனால முதல்ல கேபிளப் பாருங்க. நீளமான ஸ்பீக்கர் வயர் ஆண்டெனாவா மாறிடுது, ஆம்ப்ளிஃபயர் உள்ள இருக்குற டிரான்சிஸ்டர் ஜங்ஷன் அத டிடெக்ட் பண்ணிடுது, அதாவது அலையிலேர்ந்து பேச்சையும் பாட்டையும் பிரிச்சு எடுத்துடுது, அவ்வளவுதான். வயர்ல புகுந்த ரேடியோ சிக்னல தடுக்குற ஃபெரைட் (காந்தப் பொருள்) ரிங்ல வயர சும்மா ஒரு தடவை கோத்துட்டு வேலை செய்யலன்னு விட்டுடாதீங்க, 3 சுத்து போட்டா இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்கு வர்ற தடை, கிட்டத்தட்ட 9 மடங்கு ஏறும், மீடியம் வேவுக்கு மாங்கனீஸ்-ஜிங்க் வகை, எஃப்எம்முக்கு நிக்கல்-ஜிங்க் வகைன்னு பாத்து வாங்குங்க. கேபிள் மேல சுத்தியிருக்குற ஷீல்ட (உலோக வலைய) முறுக்கி வால் மாதிரி இழுத்து எர்த் பண்ற பழக்கத்தையும் தயவுசெஞ்சு விடணும், 10 சென்டிமீட்டர் வாலே 100 மெகாஹெர்ட்ஸ்ல சுமார் 60 ஓம் காட்டும், அப்புறம் எர்த் பண்ணி என்ன பிரயோஜனம். கிளாம்ப் போட்டு சுத்திலும் புடிங்க.

இன்டர்மாடுலேஷன், அதாவது ரெண்டு சிக்னல் கலந்து புது ஃப்ரீக்வென்சில மூணாவது ஒண்ணு கிளம்புறது, அது மட்டும் முழுக்க நம்ம பொறுப்பு, இதுல எனக்கு உண்மையாவே கவலை உண்டு. ஒரே டவர்ல 98, 106 மெகாஹெர்ட்ஸ் ரெண்டும் இருந்து ஒரு போல்ட் துருப்பிடிச்சா அது டயோடு வேலை செஞ்சு 114ல (106ஓட ரெண்டு மடங்குல 98 போக) சிக்னல் கிளப்பும், அது விமானத்துக்கு வழி காட்டுற பேண்ட். சில சமயம் அந்த சிக்னல் ரிசீவர் உள்ளயே உருவாகும், அதனால ரிசீவருக்கு முன்னாடி 10 டிபி (டெசிபல்) அட்டென்யூவேட்டர், அதாவது சிக்னல குறைக்கிற கருவி, போட்டுப் பாருங்க, சிக்னல் 10 டிபி குறைஞ்சா நெஜமாவே வெளியிலேர்ந்து வருது, 30 டிபி குறைஞ்சா ரிசீவர்தான் காரணம். இத செய்யாம யாரும் டவர் ஏற வேண்டாம்.

டிரான்ஸ்மிட்டர் ரூம் எல்இடி விளக்கு டிரைவர்கள் மானிட்டர் ரிசீவர்ல இரைச்சல் கிளப்புறதப் பத்தி தனியா ஒரு கூட்டம் வைக்கணும்னு நிர்வாகக்குழு சொல்லியிருக்கு.

வர்ற வருஷத்துக்கு என் கோரிக்கை, டவர இழுத்துப் புடிக்கிற கை வயரோட (guy wire) கிளாம்ப், எர்த் ஜாயின்ட் எல்லாத்தையும் மழைக்கு முன்னாடி ஒரு தடவை, மழைக்கு அப்புறம் ஒரு தடவை பாக்கணும், புகார் ரிஜிஸ்டர்ல நேரம், ஃப்ரீக்வென்சி, அன்னிக்கு மழையா வெயிலா மூணையும் எழுதணும். காஞ்ச நாள்ல வந்து மழை நாள்ல மறையுற சிக்னல்னா துரு ஜாயின்ட்டத்தான் முதல்ல தேடணும்.