மொழி என்ற இடத்தில் குர்தி என்று போடுங்கள்

திரைப்பட விழா நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். விழாக் கையேட்டில் படங்களை நாடு வாரியாகப் பிரிக்கிறீர்கள். குர்து இயக்குநர்களில் பஹ்மான் கோபாடி ஈரான் பக்கத்தில் இருக்கிறார், இல்மாஸ் குனே துருக்கிப் பக்கத்தில். துருக்கி, ஈரான், இராக், சிரியா என நான்கு நாடுகளில் சிதறிய குர்துகளுக்குத் தனிப் பக்கம் எங்கிருந்து வரும்? ஒருமுறை கோபாடி படம் முடிந்ததும் பக்கத்து இருக்கைக்காரர், "பாரசீகம் காதுக்கு எவ்வளவு இதம் சார்!" என்றார். அவர் கேட்டது பெரும்பாலும் குர்துகளின் மொழியான குர்தி. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கையேட்டை நம்பினார்.

அடுத்த விழாவில் ஒரு நாள், ஒரு அரங்கு ஒதுக்குங்கள். நான்கு படம் போதும்.

காலையில் கோபாடியின் 'எ டைம் ஃபார் டிரங்கன் ஹார்சஸ்'. 2000இல் கான் விழாவில் முதல் படங்களுக்கான 'கேமரா தோர்' விருதைப் பகிர்ந்துகொண்ட படம், ஓடுவது எண்பது நிமிடம்தான். தாய் தந்தை இல்லாத பிள்ளைகள். அவர்களில் அயூப், நோயாளி அண்ணன் மாதியின் அறுவைச் சிகிச்சைக்காக ஈரான்-இராக் எல்லையில் கள்ளக்கடத்தல் சுமைக்குப் போகிறான். குளிர் தாங்க வேண்டுமென்று கோவேறு கழுதைகளுக்குச் சாராயம் ஊற்றுகிறார்கள். போதை மிஞ்சிப்போய் அவை பனியில் சாய்ந்து கிடக்க, முதுகில் கட்டிய லாரி டயர்களை ஆட்கள் அறுத்துவிட்டு ஓடும் இடத்தில் பின்னணி இசை எதற்கு என்று தோன்றும். குர்திய சினிமாவுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

மதியம் அவரே எடுத்த 'டர்ட்டில்ஸ் கேன் ஃப்ளை' (2004). கண்ணிவெடி பொறுக்கி விற்கும் சிறுவர்கள். சாப்பிட்டவுடன் போடாதீர்கள்.

மாலையில் கொஞ்சம் சிரிக்கட்டும்: ஹினெர் சலீமின் 'வோட்கா லெமன்' (2003), ஆர்மீனியாவில், குர்தி பேசும் யசீதி என்ற சமயத்தாரின் கிராமம் ஒன்றில் நடப்பது. கட்டிலில் படுத்தபடியே ஒரு கிழவரைப் பனியில் இழுத்துப்போகிறார்கள். எங்கே என்று பார்த்தால், சாவுச் சடங்கில் குழல் வாசிக்க!

குனேயின் 'யோல்' கடைசியில் இருக்கட்டும். வரலாறு எழுதுவோர் அதிலிருந்து தொடங்குவார்கள், பார்ப்பவர் தொடங்க வேண்டியதில்லை. சிறையில் இருந்தபடி குனே எழுத, வெளியே ஷெரிஃப் கோரன் படம்பிடித்தார். குனே தப்பி ஐரோப்பா போய்த் தொகுத்தார். 1982இல் கான் விழாவின் முதல் பரிசான தங்கப் பனை கிடைத்தது, துருக்கியில் 1999 வரை தடை. அதில் குர்துகளும் துருக்கிதான் பேசுகிறார்கள். குர்தி பேசவைத்திருந்தால் படத்தில் வேலைசெய்தவர்களெல்லாம் சிறைக்குப் போயிருப்பார்கள் என்று குனே பின்னால் சொன்னார்.

ஆகவே அந்த ஒரு படத்துக்கு மட்டும் மொழி என்ற இடத்தில் துருக்கி என்றே இருக்கட்டும். கீழே காரணத்தை ஒரு வரி அச்சடித்துவிடுங்கள்.

அன்புடன்,
கடைசி வரிசைப் பார்வையாளன்