'கிரையோஜெனிக்' என்று எழுதும் செய்தி ஆசிரியர்களுக்கு

தமிழில் அறிவியல் செய்தி எழுதும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

ராக்கெட் ஏவும்போதெல்லாம் 'கிரையோஜெனிக் இயந்திரம்' என்று எழுதுகிறீர்கள். அண்மையில் ஒரு செய்தியில், பக்கத்திலேயே 'அதாவது உறைந்த எரிபொருளில் இயங்குவது' என்று விளக்கமும் இருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு, "உறைஞ்சுபோனா குழாயில எப்படிப்பா ஓடும்?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி. விளக்கம்தான் தவறு.

அங்கே எதுவும் உறைவதில்லை. அந்த இயந்திரம் பயன்படுத்தும் ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸிலும் ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியிலும் திரவமாகின்றன. ஆக்சிஜன் உறைய மைனஸ் 219 வரை போக வேண்டும். திரவமாக்குவது எதற்கு? வாயுவாக இருந்தால் அடைக்கும் இடத்தில் ஏறத்தாழ 800-இல் ஒரு பங்கு போதும். அப்போதுதான் ராக்கெட்டின் தொட்டிக்குள் அடங்கும்.

இந்தச் சொல் பிறந்த கதையும் சுவையானது. கிரேக்கத்தில் 'கிரையோஸ்' என்றால் பனிபோன்ற கடுங்குளிர். 'ஜென்' என்றால் பிறப்பிப்பது. 1870-களில் ஆங்கிலேய இயற்பியலாளர் ஃபிரெடரிக் கத்ரி, ஐஸும் உப்பும் கலந்த குளிர்கலவையைத்தான் 'கிரையோஜென்' என்றார். நம் குல்பிக்காரர் பானையில் ஐஸோடு கல்லுப்பைக் கொட்டி அச்சுகளைப் புதைத்து வைப்பாரே, அதேதான்! அந்தக் கலவை மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். அப்புறம் 1908 ஜூலை 10 அன்று, நெதர்லாந்தின் லைடன் நகரில் இயற்பியலாளர் காமர்லிங் ஓனஸ் ஹீலியத்தையே திரவமாக்கினார். அது மைனஸ் 269 டிகிரி. இன்று அந்தச் சொல், சுமார் மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே கொதிக்கும் திரவங்களுக்கே உரியதாகிவிட்டது.

தமிழில் 'கடுங்குளிர்' என்ற சொல் இருக்கிறது. கிரேக்கச் சொல்லின் பொருளும் ஏறக்குறைய அதுதான். 'கடுங்குளிர்த் திரவம்', 'கடுங்குளிர் எஞ்சின்' என்று எழுதினால் யாருக்குப் புரியாது? 'கிரையோஜெனிக்' வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், பிறகு தமிழ்ச் சொல்லையே தொடருங்கள். 'உறைந்த' என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

2014 ஜனவரியில் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேல் அடுக்கில் வெற்றிகரமாக இயங்கிய உள்நாட்டுக் கடுங்குளிர் எஞ்சின் சோதிக்கப்பட்டது, நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். அந்த மலையடிவாரத்துப் பள்ளிப் பிள்ளைகளும் உங்கள் செய்தியைத்தான் படிக்கிறார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்