பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இன்னொருவர் பெயரைச் சூட்டாதீர்கள்

ஆஸ்திரேலியாவில் ஜூனியர் கூடைப்பந்தை நடத்தும் நிர்வாகிகளுக்கும், ஆட்டங்களை ஒளிபரப்புகிறவர்களுக்கும், வர்ணனையாளர்களுக்கும்,

வணக்கம்.

எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். போன மாதப் போட்டியின் நேரலையில் ஒரு பையன் எதிராளியைத் தடுமாறவைத்துப் பின்னால் நகர்ந்து மூன்று புள்ளி போட்டான். உடனே வர்ணனையாளர் அவனை ஆஸ்திரேலியாவின் லூக்கா டோன்சிச் என்றார். அமெரிக்காவின் என்பிஏ என்ற தொழில்முறை லீக்கில் ஆடும் ஸ்லோவேனிய நட்சத்திரம் டோன்சிச். ராத்திரிக்குள் அந்தக் கிளிப் எங்கெங்கோ போய்விட்டது. மறுநாள் அதையே தலைப்பாக்கிப் பதிவும் போட்டார்கள். அந்தப் பையனுக்கு வயது 15. என் மகனோடு ஒரே அணியில் ஆடுகிறவன். அவன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதியாகிவிட்டது.

நான் கேட்பது ஒன்றுதான். 18 வயது நிரம்பாத எந்தப் பிள்ளையையும் டோன்சிச், பிரான்ஸின் வெம்பன்யாமா என்று நட்சத்திரங்களின் பெயர் சொல்லி ஒப்பிடாதீர்கள். நேரலையிலும் வேண்டாம், வீரர் அறிமுகக் குறிப்பிலும் வேண்டாம், சமூக ஊடகப் பதிவிலும் வேண்டாம்.

அந்த ஒரு வரி என்ன செய்தது என்று நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்தேன். அணிக்கு மேனேஜர் என்பதால் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டங்களில் ஸ்கோர் டேபிளில் உட்காருவேன். அங்கே உட்கார்ந்தால் யார் என்ன பேசினாலும் காதில் விழும். கிளிப் வந்த பிறகு நடந்த முதல் ஆட்டத்தில் பையனின் முதல் ஷாட் வளையத்தில் பட்டு வெளியே போனது. எதிரணிப் பக்கமிருந்து ஒரு பெரிய மனிதர், நாற்பது வயது இருக்கும், 'லூக்கா...' என்று நீட்டிக் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த முறை தவறியபோது எதிரணி பெஞ்சில் இருந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு பந்து அவன் கைக்கு வந்தாலே கூச்சல்தான்.

அவன் ஆட்டத்தின் அழகே பாஸ்தான். எதிராளி திரும்புவதற்குள் பந்து இன்னொருவன் கைக்குப் போய்விடும். என் மகன் போட்ட பாதிக் கூடைகள் அந்தப் பையன் கொடுத்தவை. அன்றைக்கு அவன் பாஸே கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பந்தை வைத்துக்கொண்டு நின்று, பின்னால் நகர்ந்து, அதே ஷாட்டை முயன்றான். எல்லோரும் எதைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியுமே. இரண்டாம் பாதியில் கோச் வெளியே அழைத்தபோது பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டான். என் மகன் பக்கத்தில் போய்த் தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு பையன் பயிற்சிக்கு ஒழுங்காக வருவதில்லை. முட்டி வலி என்கிறான். யாரும் துருவிக் கேட்கவில்லை.

அவன் அம்மா முதியோர் இல்லத்தில் நைட் ஷிப்ட் பார்க்கிறவர். எனக்குப் போன் பண்ணி, 'அக்கா, அந்த வீடியோவை எடுக்கச் சொல்ல முடியுமா?' என்று கேட்டார். எழுதிக் கேட்டேன். 'இது அவனுக்கு நல்ல விளம்பரம்தானே' என்று ஒரு வரியில் பதில் வந்தது. விளம்பரம் வேண்டும் என்று அவன் கேட்டானா? அவன் அம்மாவிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? மன்னிக்கவும், இந்த இடத்தில் மரியாதையோடு எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் முழுசாக ஒப்பிடுங்கள். டோன்சிச் 13 வயதில் ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவை விட்டு ரியல் மாட்ரிட் கிளப்பில் சேர்ந்தவர். அதன் பிறகு அவரை வளர்த்து ஆளாக்குவது அந்தக் கிளப்பின் வேலையாக இருந்தது. 2015 ஏப்ரலில், 16 வயதில், ஸ்பெயினின் முதல்நிலை லீக்கில் பெரியவர்களோடு களம் இறங்கினார். 2017இல் ஸ்லோவேனியாவுக்காக ஆடி ஐரோப்பிய சாம்பியன். 2018இல், 19 வயதில், ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் யூரோலீக் கோப்பையோடு அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருதும். அதற்கு அப்புறம்தான் என்பிஏ. விக்டர் வெம்பன்யாமாவும் அப்படித்தான்: அம்மாவே கூடைப்பந்து கோச், 15 வயதிலேயே நான்டேர் கிளப்பின் பெரியவர்கள் அணியில் அறிமுகம்.

நம் பையனுக்கு என்ன இருக்கிறது? வாரத்தில் இரண்டு நாள், ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் பயிற்சி. கோச் பகலில் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டு, சம்பளம் இல்லாமல், விளையாட்டின் மேல் உள்ள பிரியத்தில் வருகிறவர். மாநில அணிக்குத் தேர்வானால் சந்தோஷப்படுவதா, விமான டிக்கெட்டுக்கும் சீருடைக்கும் கட்ட வேண்டிய பணத்தை நினைத்துக் கவலைப்படுவதா என்று வீட்டில் தெரியாது. அந்த மாட்ரிட் பயிற்சியில் ஒரு பங்கையாவது கொடுத்துவிட்டு அந்தப் பெயரைக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை.

இது இன்று நேற்று நடப்பதும் இல்லை. டான்டே எக்ஸமை உங்களுக்கு நினைவிருக்கும். 2013இல் பிராகில் நடந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் ஆஸ்திரேலியாவை நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனவர். நம் நாட்டு லீக்கான என்பிஎல்லிலோ அமெரிக்கக் கல்லூரியிலோ ஒரு சீசன்கூட ஆடாமல், என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 2014இல் ஐந்தாவதாக யூட்டா ஜாஸ் அணிக்குப் போனார். மறு வருடம் ஆகஸ்டில், நம் நாட்டுக்காக லுப்லியானாவில் ஆடும்போதுதான் முட்டியில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து ஒரு முழு சீசனை இழந்தார். அப்புறமும் காயம்மேல் காயம். பார்சிலோனா, பெல்கிரேடின் பார்டிசான் என்று போய் ஆடி, தன்னைத் தேற்றிக்கொண்டு, 2023இல் என்பிஏவின் டல்லஸ் அணிக்கு வந்தார். அங்கே டோன்சிச்சோடு சேர்ந்து 2024 இறுதிச்சுற்று வரை போனார். விடாப்பிடியான ஒரு வீரரின் வாழ்க்கை இது. என் மகனுக்கு நான் சொல்லும் கதைகளில் இதுதான் முதல். ஆனால் இங்கே எக்ஸம் பேச்சு எடுத்தாலே 'எதிர்பார்த்தபடி வரவில்லை' என்பார்கள். எதிர்பார்ப்பை ஏற்றியது யார்? அவரா?

அதே 2014 டிராஃப்ட்டில் 41வதாக, அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், செர்பியாவிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நிகோலா யோக்கிச். இன்று அவர் மூன்று முறை எம்விபி, அதாவது சீசனின் மிகச் சிறந்த வீரர். உலகத்திலேயே இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள், வருடக்கணக்காகப் பார்த்து, 18, 19 வயதுக்காரர்களை அளந்தபோதே கணிப்பு இவ்வளவு தவறிப் போயிருக்கிறது. நீங்கள் 15 வயதுப் பையனை ஒரே ஒரு ஷாட்டைப் பார்த்து அளக்கிறீர்கள்.

பென் சிமன்ஸை என்பிஏவில் கால் வைப்பதற்கு முன்பே அங்கே பெரிய நட்சத்திரமான லெப்ரான் ஜேம்ஸோடு ஒப்பிட்டார்கள். 2016 டிராஃப்ட்டில் முதல் தேர்வு, 2018இல் சிறந்த புதுமுகம், மூன்று முறை நட்சத்திரங்களின் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வு. மெல்பர்னில் பிறந்த ஒரு பையன் இதைச் சாதித்ததற்கு நாம் பெருமைப்பட்டிருக்க வேண்டும். லெப்ரான் ஆகவில்லையே என்ற பேச்சில் அந்தப் பெருமை அடிபட்டுப் போனது.

யாரும் பட்டம் கட்டாதவர்களைப் பாருங்கள். ஜோ இங்கில்ஸை எந்த என்பிஏ அணியும் டிராஃப்ட்டில் எடுக்கவில்லை. 27 வயதில்தான் அங்கே ஆடத் தொடங்கினார். பேட்டி மில்ஸ் 2009 டிராஃப்ட்டில் 55வது. டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்க ஆட்டத்தில் எதிரே நின்றது யார் என்று மறந்துவிட்டீர்களா? டோன்சிச்சின் ஸ்லோவேனியா. மில்ஸ் 42 புள்ளி அடித்தார். 107-93 என்று ஜெயித்து, ஆஸ்திரேலிய ஆண்கள் கூடைப்பந்தில் தங்கள் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கினார்கள். பெண்டிகோவிலிருந்து போன டைசன் டேனியல்ஸ், 2024-25 சீசனில் 229 முறை பந்தைத் தட்டிப் பறித்து, அந்த வருடம் அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதை வாங்கினார். வேறு யாருடைய ஆட்டத்தையும் ஆடி அவர் அந்த இடத்துக்கு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நீங்கள் மாட்ரிட் வரைக்கும் போக வேண்டாம். 1999இல் கான்பெராவின் ஆஸ்திரேலிய விளையாட்டுக் கழகத்து அணி பெண்கள் தேசிய லீக்கில், அனுபவப்பட்ட பெரியவர்களை எதிர்த்து ஆடி, கோப்பையையே வென்றது. அந்த இளம் அணியில் 17 வயது லாரன் ஜாக்சன் இருந்தார். 2001இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏவின் டிராஃப்ட்டில் முதல் தேர்வு, பிறகு மூன்று முறை எம்விபி. சரியான வயதில் சரியான எதிராளியையும் நல்ல பயிற்சியையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் இன்றும் எங்கள் கிளப்பில் பெண் பிள்ளைகளின் ஆட்டத்தைப் படம் பிடிக்க ஒருவரும் வருவதில்லை. ஆண் பிள்ளைகளுக்குக் கேமராவின் தொல்லை, பெண் பிள்ளைகளுக்குக் கேமராவே இல்லை.

மைதானப் பிரச்சினையையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆட ஆசைப்பட்டு வரும் சின்னப் பிள்ளைகளைக் காத்திருப்போர் பட்டியலில் போடுகிறோம். பத்து வயதுக்காரர்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் பயிற்சி நேரம் கிடைக்கிறது. இந்த நாட்டுக்கு இன்னும் பல டைசன் டேனியல்ஸ்கள் வேண்டும் என்றால், பதிவுக்குத் தலைப்பு யோசிக்கும் நேரத்தில் நகராட்சிகளோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள். சரி, அது தனியாக எழுத வேண்டிய விஷயம். நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

அந்தக் கிளிப்பைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாது என்றால் தலைப்பிலிருந்து டோன்சிச் பெயரையாவது நீக்குங்கள். இனி 18 வயதுக்குட்பட்ட யாருடைய கிளிப்பைப் பகிர்வதாக இருந்தாலும் பெற்றோரிடம் முதலில் கேளுங்கள். நேரலையில் பேசுகிறவர்களுக்கு, எந்தப் பிள்ளையையும் எந்த நட்சத்திரத்தோடும் ஒப்பிடக் கூடாது என்று எழுத்தில் ஒரு விதி போடுங்கள். பாராட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. 'நல்ல பாஸ்' என்று சொல்லுங்கள், அவன் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். அந்தப் பாராட்டு அவனுக்கு வேண்டும்.

அடுத்த போட்டிக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் உங்களிடமிருந்து ஒரு பதில் வந்தால் அந்தப் பையனின் அம்மாவிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

நன்றியுடன்,
மெல்பர்னிலிருந்து,
ஒரு ஜூனியர் அணியின் மேனேஜர்