மாரிக்கு முன் டயர் மாற்றப்போகும் நண்பனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் குமாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திருக்கோவிலில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நாங்கள் நலமே. மூத்தவளுக்கு வாழைச்சேனையில் வேலை கிடைத்துவிட்டது. நாள்தோறும் தானே காரை ஓட்டிப் போய் வருகிறாள் என்பதால், மாரி தொடங்குமுன் அவளுடைய காருக்கு நான்கு டயர்களையும் மாற்றும் வேலையில் நானும் இறங்கியிருந்தேன். அந்த வேளையில், உன் ஹொண்டா சிவிக் காரின் 205 மில்லிமீற்றர் அகல டயர்களைக் கழற்றிவிட்டு, 17 அங்குல றிம்மும் 225 அகல டயரும் போடப்போவதாக நீ எழுதியதை வாசித்தேன். காசு கொடுக்குமுன் நீ இதை வாசித்துவிட வேண்டும்.

அகலம் கூடினால் பிடி கூடும் என்பது காய்ந்த வீதிக்கு ஓரளவு பொருந்தும். ஆனால் நீ ஓட்டுவது அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிக்குடி வழியாக இங்கு வரும் வீதி. கார்த்திகை, மார்கழியில் அந்தக் காபெட் வீதியின் ஓரங்களில் நீர் தேங்கி நிற்கும்; கடற்பக்கத்து ஒழுங்கைகளிலிருந்து அடித்து வந்த மணல் அதனடியில் படிந்திருக்கும்; மேலே பார்த்தால் ஆழம் தெரியாது. மூன்று மில்லிமீற்றர் நீரில் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் 205 அகல டயர், செக்கனுக்கு ஏறத்தாழ 12 லீற்றர் நீரைத் தன் வழியிலிருந்து அகற்ற வேண்டும். 225 என்றால் 13 லீற்றர். அத்தோடு, டயர் நிலத்தைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை காரின் நிறையும் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும்தான். ஆகவே அகல டயரில் அந்தப் பரப்பு அதிகம் கூடுவதில்லை. பக்கவாட்டில் விரிந்து, முன்பின்னாகக் குறுகிவிடுகிறது. நிலத்தைத் தொடும் அந்தத் தடம் நீளமாக இருந்தால் அதன் முன்பகுதி நீரை ஒதுக்கிவிட, பின்பகுதி தாரைப் பற்றிக்கொள்ளும். குறுகிய தடத்துக்கு அந்த அவகாசம் இல்லை.

காற்றழுத்தத்தையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். 1960களில் நாசா விமானச் சில்லுகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில், சில்லு நீரின்மேல் முற்றாக மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று கண்டார்கள். அந்தச் சூத்திரப்படி 32 பீ.எஸ்.ஐ. காற்றுக்கு அவ்வேகம் மணிக்கு 94 கிலோமீற்றர். 24 ஆகக் குறைந்தால் 82. இது மொட்டை டயருக்கும், தவாளிப்பின் (டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பள்ளக்கோட்டின்) ஆழத்தைவிட நீர் கூடுதலாக நிற்கும் இடத்துக்கும் உரிய கணக்கு. அகலமான கார் டயரில் மிதப்பு அதற்கும் முன்னரே தொடங்கலாம். மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடி கூடும் என்று கராஜில் யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதே.

இனித் தெரிவு. ஐரோப்பியச் சந்தைக்கான டயர்களில் ஒட்டியிருக்கும் தாளில், மழைமேகம் வரைந்த படத்தின் கீழ் ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து இருக்கும். ஜப்பானியத் தாளிலும் ஈரப் பிடிக்கு ஏ முதல் டி வரை தரம் உண்டு. ஏ இல்லாததை நீ எடுக்கவே வேண்டாம். எனினும் அச்சோதனை ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீர் படிந்த தளத்தில், 80 இலிருந்து 20 கிலோமீற்றராக வேகத்தைக் குறைக்கும்போது செய்யப்படுவது. தேங்கிய நீரில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதையோ, வளைவில் எவ்வளவு பிடிக்கும் என்பதையோ அந்த எழுத்துச் சொல்லாது. நம் பக்கத்தில் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆகவே ஏ தரத்தவற்றைப் பொறுக்கி எடுத்தபின், தவாளிப்புகளை உன் கண்ணாலேயே பார்: டயரைச் சுற்றி ஓடுபவை அகலமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும், குறுக்கே போகும் வெட்டுகள் நீரை விளிம்புக்கு வெளியே கொண்டு சேர்க்க வேண்டும். பந்தயத்துக்கென்று வரும், தவாளிப்பே அருகிய மென்மையான டயர்கள் காய்ந்த வளைவில் அற்புதமாகப் பிடிக்கும். ஆனால் நம் மாரியில் அவற்றை நான் நம்பமாட்டேன்.

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்று கேட்டிருந்தாய். ஈர வீதியில் நீர்ப்படலம் ஒட்டுதலைக் கெடுத்துவிடுவதால், தாரின் சின்னஞ்சிறு மேடுபள்ளங்களில் இறப்பர் அமுங்கி மீளும் தன்மையே பெரிதும் கைகொடுக்கிறது. 1990களிலிருந்து, இறப்பரில் கலக்கும் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா என்ற தூளைக் கலந்து, உருளும் தடையைக் கூட்டாமலே அத்தன்மையை உயர்த்தினார்கள். நல்ல டயருக்கு நீ கொடுக்கும் மேலதிகக் காசில் கணிசமான பங்கு அந்தக் கலவைக்கே போகிறது.

மகளுக்கு மிச்செலின் பிரைமசி 4 போட்டேன். தேய்ந்த நிலையிலும் ஈரத்தில் பிரேக் பிடிக்க வேண்டும் என்ற நோக்கோடு, தவாளிப்புகள் அடிவரை அகலம் குறையாதபடி அதை வடிவமைத்திருக்கிறார்கள். உனக்கு வளைவிலும் இறுக்கம் வேண்டுமென்றால், உன் பழைய அளவிலேயே அதே நிறுவனத்தின் பைலட் ஸ்போர்ட் 4 அல்லது கொன்டினென்டல் பிரீமியம்கொன்டாக்ட் 6 கிடைக்குமா என்று விசாரி. உன் டயரின் பக்கச்சுவரில் உள்ள 91 வீ என்ற குறியீட்டுக்குக் கீழே மட்டும் போகாதே. ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்பதையும், மணிக்கு 240 கிலோமீற்றர் வரை ஈடுகொடுக்கும் என்பதையும் அது குறிக்கிறது.

கடையில் டயரைச் சில்லில் ஏற்றுமுன், கைபேசி விளக்கை அடித்துப் பக்கச்சுவரின் இரு புறத்தையும் பார். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3824 என்றால் 2024ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்தது. தவாளிப்பின் அடியில் நகத்தால் கீறியதுபோல் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். புதிய டயரில் ஏறத்தாழ எட்டு மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். தவாளிப்புக்குள் குறுக்கே நிற்கும் சிறு மேடு, தேய்ந்த டயரின் மேற்பரப்போடு சமமாகும்போது 1.6தான் மிஞ்சும். அதுவரை காத்திராமல் மூன்றிலேயே மாற்றிவிடு. காசு தட்டுப்பாடாகி இரண்டை மட்டும் மாற்ற நேர்ந்தால், புதியவை பின்சில்லுகளுக்கே போகட்டும். மழையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைத் தளர்த்தி மீட்கலாம், பின்பக்கம் வீசியடித்தால் மீட்பது மிகக் கடினம்.

எந்த டயரை முடிவு செய்தாய், அந்த நான்கு இலக்கங்கள் என்ன என்று எழுது. மகள் காரின் விலைச்சீட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். கல்முனைக் கடைகளில் கேட்கும் விலையோடு ஒப்பிட வேண்டுமென்றால் அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன். வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அன்புடன்,
சிவா