உன் தீவுக்கு வந்திருந்தேன்

அன்புள்ள வித்யாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

வாட்ஸ்அப்பில் கேட்டால் 'ஓகே பா' என்று ஒரு வரி வருகிறது. போன் போட்டால் 'மீட்டிங் பா' என்கிறாய். அதனால் உட்கார்ந்து நீளமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. அவசரம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

நேற்று ராத்திரி அனிமல் கிராசிங் வீடியோ கேமில் உன் தீவுக்குக் கனவில் வந்திருந்தேன். முன்பெல்லாம் உன் கடையில் டர்னிப் கிழங்கு விலை ஏறினால் தீவின் ஏர்போர்ட்டைத் திறந்துவைத்து எனக்கு மெசேஜ் போடுவாய். நானும் மூட்டையோடு ஓடி வருவேன். போன மாதம் 104 பெல்லுக்கு (அந்த ஆட்டத்துக் காசு) வாங்கிப்போட்டது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை அழுகிப் போயிற்று. போகட்டும், அது பெரிய நஷ்டம் இல்லை. ஏர்போர்ட் திறக்கவில்லை என்பதால் அந்த 12 இலக்கக் கனவு முகவரியைப் போட்டு, ஆட்டத்துக்குள் இருக்கும் கட்டிலில் படுத்துத்தான் வர வேண்டியிருக்கிறது. உன்னைத் தொந்தரவு செய்யாமல் வந்து போகலாம் என்பது ஒரு வசதி.

சொன்னால் உனக்குத் தலைக்கனம் வரும். ஆனாலும் சொல்கிறேன், அசந்துவிட்டேன். நகரமைப்பு அலுவலகத்தில் லே-அவுட் வரைந்தே ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கண்ணால் பார்த்தும் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. இறங்குதுறையிலிருந்து குடியிருப்போர் சேவை மையம் வரை செங்கல் பாதை ஒரே நேர்கோடு. ஆற்றை மடக்கி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அருவி விட்டிருக்கிறாய். குடியிருக்கும் விலங்குகளின் பத்து வீடும் ஒரே வரிசை, ஒரே இடைவெளி, ஒரே உயர வேலி. அத்தனைக்கும் மேலே பனி வேறு. தென் அரைக்கோளம் என்று தேர்ந்தெடுத்ததால் ஜூலையில் உனக்குக் குளிர்காலம், எனக்கு இங்கே தென்னை மரத்தில் கொம்பு வண்டு. தீவுக்கான மதிப்பீட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கிவிட்டாய் என்பதை லில்லி ஆஃப் த வேலி பாறை ஓரத்தில் முளைத்திருப்பதைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அந்தப் பூவுக்கு விதை கிடையாது, தீவு ஐந்து நட்சத்திரம் ஆனால் அதுவாக எங்கேயாவது தலைகாட்டும். அதைச் சுற்றியும் வேலி போட்டுவிட்டாயே அம்மா!

ஒரு களை இல்லை. கீழே விழுந்த பழம் ஒன்று இல்லை. ஷெர்ப் ஆடு வேலிக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது, பாவம். நீ பள்ளிக்கூடத்தில் நோட்டுக்கு அட்டை போடும்போதே இப்படித்தான். மூலை கொஞ்சம் மடங்கினாலும் பிரித்துவிட்டு மறுபடி போடுவாய்.

நம் பழைய தீவை இப்போது பார்த்தால் நீ மயங்கி விழுவாய். 2020 மார்ச்சில் அந்த ஆட்டம் வந்தது, ஊரடங்கும் வந்தது. நீ ராத்திரி பகலாக மண்ணை வெட்டிக்கொண்டிருந்தபோது 'வேலை இல்லாத வேலை' என்று நான் திட்டினேன். கல்யாணம் ஆகி மெல்பர்ன் போகும்போது ஸ்விட்ச் கேம் கருவியை எனக்கு வைத்துவிட்டுப் போனாய். இப்போது நான் களையைப் பிடுங்குவதில்லை. கடையில் ஒன்றுக்கு 10 பெல், செடி வியாபாரி லெய்ஃப் வந்தால் 20 பெல் என்று கொடுப்பான்தான், இருந்தாலும் விட்டுவிட்டேன். பருவத்துக்குப் பருவம் அதன் உருவமே மாறுகிறது. பூக்கள் மழைக்கு அவையாகப் பரவிப் புல்வெளியை எல்லாம் மூடிவிட்டன. சேவை மையத்து இசபெல் நாசூக்காகச் சொல்லிப் பார்க்கிறாள், மூன்று நட்சத்திரத்துக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. பாலம் போடவோ கடையை இடம் மாற்றவோ எனக்கு அதிகாரம் கிடையாது, முதலில் குடிவந்த நீதான் பிரதிநிதி. நீ விட்டுப்போன இடத்தில்தான் எல்லாம் நிற்கிறது. உன் வீடும் அப்படியே நிற்கிறது. வாசலில் அவ்வப்போது இரண்டு பீச் வைத்துவிட்டு வருவேன்.

நீ தேதியை முன்னே தள்ளி ஒரே நாளில் பத்து நாள் வேலையை முடிப்பாய். எனக்கு அது சரிப்படாது. நாளை நடக்க வேண்டியது நாளைக்கு நடக்கட்டும். உன் முறை தப்பு என்று நான் சொல்லவில்லை. வரைபடத்தை முதலில் காகிதத்தில் போட்டு, கட்டம் எண்ணி, ஒரு வீட்டை நகர்த்த 50,000 பெல் கொடுத்து, இவ்வளவு அழகாகச் செய்ய எத்தனை பேரால் முடியும்? ஆனால் கொஞ்சம் இடத்தைச் சும்மாவும் விடலாம். சரி, அதை விடு. சாப்பிடுகிறாயா?

இதை உருவாக்கிய கட்சுயா எகுச்சியைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். சிபாவிலிருந்து கியோட்டோவுக்கு வேலைக்குப் போனவர், வீட்டாரையும் சிநேகிதர்களையும் விட்டுவந்த ஏக்கத்தில்தான் இந்த யோசனையே பிறந்தது என்று. 2001-ல் நிண்டெண்டோ 64-க்கு வந்த முதல் ஆட்டத்திலேயே ஒரே ஊரில் நான்கு பேர் வீடு கட்டிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் உட்கார்ந்து விளையாட வேண்டியதில்லை. ஒருவர் காலையில் வந்து போவார், இன்னொருவர் ராத்திரி வந்து அவர் விட்டுப்போனதைப் பார்ப்பார். உங்கள் தீவில் அதைத்தான் நான் ரசித்தேன். நீ செங்கல் பதிப்பாய், மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வந்து அதன் நடுவிலேயே குழி தோண்டி மூடாமல் போவார். பாதையில் டிரம் செட் வைப்பார். நட்ட இடத்திலேயே பழமரம் வளரட்டும் என்பார். 'பாருங்கப்பா இவரை' என்று நீ என்னிடம் புகார் சொன்னாய், நான் சிரித்தேன். மனதுக்குள் மாப்பிள்ளை கட்சிதான்.

கிழக்குக் கடற்கரை ஓரமாக இப்போது நீல ரோஜா போட்டிருக்கிறாய். சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் பூ, ஒரு கட்டம் வெறும் மண். நீல ரோஜா வரவழைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் மாப்பிள்ளை வீடு இருந்தது இல்லையா? சிவப்புக் கூரை. ரோஜாப் பாத்தி சரியாக அந்த அளவுக்குத்தான் இருக்கிறது.

வேறு பக்கம் மாற்றியிருப்பாய் என்று நினைத்து மேட்டில் ஏறி இறங்கித் தீவு முழுக்கச் சுற்றினேன். மேப்பைத் திறந்து பார்த்தேன். மனிதர் வீடு என்று உன் வீடு ஒன்றுதான் இருக்கிறது.

மனிதர் வீடு தானாகக் காணாமல் போகாது. யாராவது செட்டிங்கில் போய் அழித்தால்தான் உண்டு. இல்லையென்றால் இரண்டாவதாகக் குடிவந்தவரை வேறு ஸ்விட்சுக்கு மாற்றிக்கொள்ளலாமாம், அந்த வசதியும் இருக்கிறது. மாப்பிள்ளை தனியாக ஒன்று வாங்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் நல்லதுதான், அவரும் இஷ்டத்துக்குக் குழி தோண்டுவார். அவர் தீவுக்குக் கனவு முகவரி இருந்தால் அனுப்பு. அவர் பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தேன், இன்னும் நீலக் குறி விழவில்லை. வேலை அதிகமாக இருக்கும்.

அம்மாவிடம் இதைப் பற்றி நான் சொல்லவில்லை. விளையாட்டு விஷயம், சொல்ல என்ன இருக்கிறது. அவள் உன் நாத்தனார் கல்யாணத்துக்கு என்ன புடவை எடுப்பது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் 'பார்க்கலாம்' என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஊர்ச் செய்தி நிறைய எழுதலாம் என்று உட்கார்ந்தேன், எழுத வரவில்லை. சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பக்கத்து வீட்டு வழக்கு அப்படியே இருக்கிறது. மாடி அறைக்கு வெள்ளையடித்து ஃபேன் மாற்றினோம். குறிப்பாக எதற்கும் இல்லை, ரொம்ப நாளாகக் கிடந்தது. உன் டிராயிங் போர்டை மட்டும் ஜன்னல் ஓரம் நகர்த்தியிருக்கிறேன், வெளிச்சம் நன்றாக வரும்.

பெரியத்தை டிரங்குப் பெட்டியோடு வந்து நின்ற அன்றைக்கு நீ கூடத்தில்தான் இருந்தாய். பாட்டி வாசலில் வைத்தே என்ன கேட்டாள் என்று உனக்கும் தெரியும். இப்போது இந்த வீட்டுக்கு நான் பெரியவன். அந்தக் கேள்வியை இங்கே இனி யாரும் கேட்கமாட்டார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று யோசிக்காதே, நேற்று பெரியத்தை போன் பண்ணியிருந்தாள், அதுதான்.

அந்த ஆட்டத்தில் 'அம்மா' என்று கையெழுத்திட்டு அடிக்கடி கடிதம் வரும். 'அப்பா' என்று ஒன்று வந்ததாக எனக்கு நினைவில்லை. ஜப்பானிலும் அப்பாக்கள் நம்மூர் மாதிரிதான் போலிருக்கிறது.

வேளா வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி ஒரு மணிக்கு மேல் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்காதே. நீ ஆன்லைனில் இருப்பது எனக்கு இங்கே காட்டுகிறது. உங்கள் நேரத்துக்கும் எங்கள் நேரத்துக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா? தூங்கு. சாப்பிடு. முடிந்தால் ஒருநாள் ஏர்போர்ட்டைத் திற, நான் டர்னிப் இல்லாமலேயே வருகிறேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: டிசம்பரில் வருவதாகச் சொன்னாய். அந்தச் சமயத்தில் ஸ்ரீரங்கத்துக் கூட்டத்தில் வண்டி கிடைப்பது கஷ்டம், இப்போதே சொல்லிவைக்க வேண்டும். திருச்சி ஏர்போர்ட்டுக்குச் சின்ன வண்டி போதுமா, பெரிய வண்டியாகச் சொல்லவா? அதை மட்டும் ஒரு வரி எழுது. மற்றது எதுவும் எழுத வேண்டாம்.