ஆண்டு விழா நாடகம் குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பிப்ரவரியில் நடக்கும் ஆண்டு விழாவுக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு நாடகம் தயாரித்து வருகிறார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடுதான் அதன் பொருள். வசனம் கிடையாது, எல்லாவற்றையும் உடம்பாலேயே சொல்ல வேண்டும். பொங்கல் லீவு முடிந்ததிலிருந்து இதைப் பற்றி நிறையக் கேள்விகள் வருகின்றன. சிலர் நேரில் வந்தீர்கள், சிலர் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கேட்டீர்கள், ஒன்றிரண்டு பேர் கொஞ்சம் கோபமாகவே கேட்டீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

"ஸ்கிரிப்டைக் காட்டுங்கள்" என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஸ்கிரிப்ட் என்று ஒன்று நிஜமாகவே கிடையாது. தமிழாசிரியை ஒரு கேள்வி கேட்பார். பிள்ளைகள் நாலைந்து பேராகப் பிரிந்து, பதிலைப் பேசாமல் செய்து காட்டுவார்கள். மற்றவர்கள் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள். நிற்பது நிற்கும், தேறாதது போய்விடும். நின்றதை எல்லாம் ஆசிரியை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அலுவலகத்துக்கு வந்து யார் வேண்டுமானாலும் அதைப் புரட்டிப் பார்க்கலாம். இந்த முறை நமக்குப் புதிதும் அல்ல. கொல்கத்தாவின் பாதல் சர்க்கார் திரை, செட், அலங்காரம் எதுவும் இல்லாமல் நடிகரின் உடம்பை மட்டும் நம்பி நாடகம் போட்டவர். 1980-இல் சென்னைக்குப் பக்கத்திலுள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தில் நம் ஊர் நாடகக்காரர்களுக்கு அவர் பட்டறை நடத்தினார். 1977-இல் தொடங்கிய சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையிலும் நடிகரின் உடற்பயிற்சிக்குப் பெரிய இடம் உண்டு.

ஆரம்பத்தில் பிள்ளைகள் செய்து காட்டியதைப் பார்த்திருந்தால் நீங்கள் கவலைப்பட்டது நியாயம்தான் என்று நானே சொல்லியிருப்பேன். "ஒரு பெண் நடந்து வருவதைக் காட்டு" என்றதும் பையன்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் சினிமா காமெடியில் பார்த்தது. பெண்களிடம் ஆணைக் காட்டச் சொன்னால் மீசையை முறுக்கித் தொடையைத் தட்டினார்கள். அரங்கமே சிரித்தது. ஆசிரியை யாரையும் திட்டவில்லை. அதையே மிக மெதுவாக, சத்தமில்லாமல் திரும்பச் செய்யச் சொன்னார். மெதுவாகச் செய்யும்போது அந்தக் கேலியில் சிரிப்பு வரவில்லை. நடுவிலேயே நிறுத்திவிட்டு, "மிஸ், இப்படி யாருமே நடக்க மாட்டாங்க" என்றான் ஒரு பையன். சரி, அப்படியென்றால் எப்படி நடக்கிறார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று பஸ் ஸ்டாண்டுக்கும் கடைத்தெருவுக்கும் கவனிக்க அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகுதான் நாடகம் உருப்பட ஆரம்பித்தது.

"ஆணும் பெண்ணும் ஒன்றுதான், வித்தியாசமே இல்லை என்று சொல்லிக்கொடுக்கிறீர்களா?" என்று ஒரு அப்பா கேட்டார். இல்லை. இயற்கையிலேயே உள்ள வேறுபாட்டில்தான் நாடகமே தொடங்குகிறது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் ஒரு விளையாட்டுக் காட்டினார். சுவரைப் பார்த்து நின்று, தன் பாதத்தாலேயே மூன்று பாதம் அளந்து பின்னால் வர வேண்டும். இடுப்பை வளைத்துக் குனிந்து தலையைச் சுவரில் முட்டுக் கொடுக்க வேண்டும். கீழே இருக்கும் ஸ்டூலை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு, காலை நகர்த்தாமல் நிமிர வேண்டும். பெண்பிள்ளைகளில் பெரும்பாலோர் சாதாரணமாக நிமிர்ந்தார்கள். கபடி அணியில் ஆடும் பையன்கள் சுவரில் தலையை முட்டியபடி அப்படியே நின்றார்கள்! பொதுவாகப் பெண்களுக்கு உடம்பின் ஈர்ப்பு மையம் சற்றுக் கீழே இருக்கிறது. பாதமும் சிறியது என்பதால் சுவருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அவ்வளவுதான் ரகசியம். வீட்டிலும் செய்து பாருங்கள். சுவரில் எண்ணெய்க் கறை படிந்தால் பள்ளி பொறுப்பல்ல.

அந்த ஸ்டூல் காட்சிதான் நாடகத்தின் தொடக்கம். பருவ வயதுக்குப் பிறகு பையன்களுக்கு உயரமும் தசையும் கூடுவதையும் காட்டுகிறார்கள். இது உடம்பு கொடுத்தது, அப்படியானால் உடம்பு கொடுக்காதது எது என்று அங்கிருந்து தேடிக்கொண்டு போகிறார்கள். பஸ் காட்சி அப்படி வந்தது. மூன்று பேர் சீட்டில் இரண்டு பையன்கள் உட்கார்ந்தால் சீட்டு நிறைந்துவிடுகிறது. அதே சீட்டில் நான்கு பெண்கள் முழங்காலைச் சேர்த்து, தோளைக் குறுக்கி, புத்தகப் பையை முன்னால் மாற்றி நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பையை ஏன் முன்னால் போடுகிறீர்கள் என்று பையன்கள் உண்மையிலேயே தெரியாமல் கேட்டார்கள். பெண்கள் பதில் சொல்லவில்லை. நெரிசலான பஸ்ஸை அரை நிமிடம் நடித்துக் காட்டினார்கள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

இன்னொரு காட்சியை எடுத்துவிடச் சொல்லிச் சில அம்மாக்கள் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெண் பெஞ்சிலிருந்து எழுவாள், தோளுக்கு மேல் திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்ப்பாள், தோழியின் பக்கம் முதுகைக் காட்டுவாள், தோழி லேசாகத் தலையசைப்பாள். மொத்தம் ஐந்து விநாடி. பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியைகள் எல்லோருக்கும் உடனே புரிந்தது. பையன்களுக்கு ஒன்றுமே புரியவில்லை. மாதவிடாய் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அரசாங்கமே பள்ளியில் நாப்கின் கொடுக்கிறது. அந்த ஐந்து விநாடியில் ஆபாசம் எதுவும் இல்லை, அதனால் காட்சி இருக்கும். ஆனால் அதைச் செய்யும் மாணவி விருப்பப்பட்டுத்தான் செய்கிறாள். வேண்டாம் என்று நாடகத்தன்று காலையில் சொன்னாலும் விட்டுவிடுவோம்.

"எங்க வீட்டு விஷயம் மேடைக்கு வருதாமே?" என்று கேட்டவர்களுக்கு: எந்த வீட்டையும் தனியாகக் காட்டவில்லை. காலை ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை வீட்டில் யார் கை எங்கெல்லாம் போகிறது என்று எல்லோரும் எழுதிக்கொண்டு வந்தார்கள். வாசல் தெளிப்பது, பால் காய்ச்சுவது, குக்கர் வைப்பது, டிபன் பாக்ஸ் கட்டுவது, தலை பின்னுவது என்று எல்லாவற்றையும் கலந்து ஓர் அசைவு வரிசையாக்கிவிட்டார்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைக் கணக்கு ஆசிரியர் கொண்டுவந்து கொடுத்தார். அதன்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும், செய்யும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் என்று சொன்னதைக் கவனியுங்கள், ஆண்களில் 100-க்கு 26 பேர்தான் அந்தக் கணக்கிலேயே வந்தார்கள். பிள்ளைகள் இதை மூன்றுக்கு ஒன்று என்ற தாளமாக்கி, டெஸ்க்கில் தட்டிக்கொண்டே ஆடுகிறார்கள். ஒருத்தி மூன்று சுற்று ஓடி முடிக்கும்போது பக்கத்தில் ஒருவன் ஒரு சுற்று முடிக்கிறான். அப்பாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், தாளம் போடுவதே உங்கள் மகன்கள்தான்.

பையன்களுக்கும் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. எனக்கு இருப்பதிலேயே பிடித்தது அதுதான். கீழே விழுந்த சின்னப் பையனை ஒவ்வொருவராக வந்து நிமிர்த்துகிறார்கள். ஒருவர் முதுகைத் தட்டி நேராக்குகிறார், ஒருவர் மோவாயைத் தூக்கிவிடுகிறார், ஒருவர் கண்ணைத் துடைத்துவிடுகிறார். கடைசியில் அவன் மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கிறான், வளைய முடியவில்லை. "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அது கேட்கிறது. அதேபோல, ஆண் வரிசை, பெண் வரிசை என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடத்தில், எந்த வரிசையிலும் நிற்க முடியாதவர்கள் எங்கே நிற்பார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். திருநங்கைகளுக்கு 2008-லேயே நலவாரியம் வைத்த மாநிலம் இது, கேள்வி வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். நடுவில் ஒருவர் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள்.

மகனுக்குப் பெண் வேடம் கொடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் வருத்தப்பட்டார். நாடகத்தில் வேடமே கிடையாது. எல்லோருக்கும் கறுப்பு டி-ஷர்ட்டும் டிராக் பேண்ட்டும்தான். கையில் ஒரு எட்டு முழ வேட்டி, அதுவே தூளியாகும், முந்தானையாகும், தலைப்பாகையாகும், இழுக்கும் கயிறாகும். அப்படியே வேடம் இருந்தாலும்தான் என்ன? நம் கூத்தில் திரௌபதியாக வேடம் கட்டி ஆடியது காலங்காலமாக ஆண்கள்தான். சங்கரதாஸ் சுவாமிகளின் பையன்கள் நாடக சபையில் பழகிய டி.கே. சண்முகம், பிறகு ஔவையாராக நடித்துத்தான் 'அவ்வை சண்முகம்' ஆனார். சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனியில் பெண் வேடம் போட்டவர்தான். அந்தப் பக்கம் கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார்.

தொடுவதைப் பற்றி நீங்கள் கேட்டது அவசியமான கேள்வி. ஒருவர் மேல் ஒருவர் சாய்வது, தாங்கிப் பிடிப்பது எல்லாம் இந்த வகை நாடகத்தில் வரும். கை, தோள், மேல் முதுகு தவிர வேறு எங்கும் தொடக்கூடாது. தூக்குகிற காட்சிகளில் பையனைப் பையன்கள் தூக்குவார்கள், பெண்ணைப் பெண்கள் தூக்குவார்கள், கீழே மேட் போட்டிருக்கும். ஒத்திகை நடக்கும்போது அரங்கத்தின் கதவுகள் திறந்திருக்கும், ஆசிரியை ஒருவர் கட்டாயம் உடன் இருப்பார். பிடிக்கவில்லை என்று யாராவது கையைத் தூக்கினால் காரணம் கேட்காமல் அசைவை மாற்றிவிடுகிறோம்.

இனி ஒத்திகை நேரம். உண்மையில் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஐந்து மணி ஆனதும் பெண்பிள்ளைகளில் பாதிப் பேரை அழைத்துப்போக ஆள் வந்துவிடுகிறது. பையன்கள் ஆறரை வரை இருக்கிறார்கள். பெண்கள் இல்லாமல் காட்சிகள் அந்தரத்தில் நிற்கின்றன. "பெண்களை மட்டும் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்" என்ற கோரிக்கையை நான் ஏற்கவில்லை. வரும் திங்கள் முதல் கடைசிப் பீரியடிலேயே ஒத்திகையைத் தொடங்கி 5.15-க்கு முடித்துவிடுவோம். எல்லோரும் ஒன்றாகப் புறப்படலாம், பையன்களும் அதற்கு மேல் இருக்கக்கூடாது. சனிக்கிழமைகளில் காலை 9.30 முதல் 12.30 வரை ஒத்திகை உண்டு. போன சனிக்கிழமை பெண்கள் பலர் வரவில்லை. துணி துவைக்க வேண்டும், தண்ணீர் வரும் நாள், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். அண்ணனோ தம்பியோ வீட்டில் இருந்தால் அந்த மூன்று மணி நேரம் அந்த வேலையை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். அவனும் இதே நாடகத்தில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், வேறு ஏற்பாடு செய்யலாம்.

படிப்புக் கெடுமோ என்ற பயம் வேண்டாம். பொதுத்தேர்வு எழுதும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து யாரையும் சேர்க்கவில்லை.

விழா பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை மாலை 4.30-க்கு. நாடகம் இருபது நிமிடம். மேடையில் இல்லை, மைதானத்து வேப்பமரத்தடியில் மூன்று பக்கமும் நீங்கள் உட்கார நடுவில் நடக்கும். வழக்கமாக ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று நாற்காலி போடுவோம். இந்த முறை அப்படிப் போடவில்லை, குடும்பமாக உட்காரலாம். செல்போனில் படம் எடுக்க வேண்டாம். பள்ளி எடுக்கும் படத்தை வகுப்பாசிரியரிடம் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்புதல் படிவம் இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். அப்பா வெளியூரில் இருக்கிறார், வந்ததும் கையெழுத்து வாங்கித் தருகிறேன் என்று சில பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். காத்திருக்க வேண்டியதில்லை, அம்மாவின் கையெழுத்தே போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்